அவசரக் கோப்பு ஏன் பின்னால் நிற்கிறது? யூயூசிபி கிரேட் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ஒரு 8 ஆம் திகதி மாலை. 10 ஆம் திகதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஹட்டனுக்கு மேலேயுள்ள தோட்டக் காரியாலயத்திலிருந்து அனுப்பிய செக்ரோல் கோப்பு, அதாவது தொழிலாளர் சம்பளப் பட்டியல், கொழும்பில் இறங்கவில்லை. ஆனால் ஸ்டோர் கூரையில் தகரம் பறந்ததைக் காட்ட எடுத்த பன்னிரண்டு புகைப்படங்கள் ஒன்று தவறாமல் வரிசையில் அதற்கு முன்னால் நின்றன.

“அவசரம் என்றுதானே தம்பி முதல் எழுத்தையே போட்டேன்” என்றார் பெரிய கிளாக்கர்.

அவர் போட்டது சின்ன ஏ. புகைப்படங்களை அனுப்பும் ஸ்கிரிப்டில் யாரோ எப்போதோ பெரிய என் என்று எழுதி வைத்திருந்தார்கள். தொலைபேசிக் கம்பி வழியே கணினிக்குக் கணினி கோப்பும் மின்னஞ்சலும் அனுப்ப நாங்கள் பாவிக்கும் மென்பொருள் யூயூசிபி. அதன் கணக்கில் பெரிய என் முந்தும், சின்ன ஏ பிந்தும். மென்பொருள் சொன்னபடி நடந்திருக்கிறது. நாங்கள்தான் தவறாகச் சொல்லியிருந்தோம்.

இப்படி மாட்டிக்கொண்ட ஒவ்வொரு முறையும் கொப்பியில் குறித்து வைத்தவற்றை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். “பெரிய”, “சின்ன” என்று எழுத்துக்கு முன் சொல்லியிருப்பதைத் தவறவிடாதீர்கள். ஹைஃபனுக்குப் பின் ஒன்றும் சொல்லாவிட்டால் சின்ன எழுத்து. இந்த வேலையில் பாதித் தொல்லை அங்கேதான் இருக்கிறது.

யூயூசிபியை 1970களின் நடுவில் பெல் ஆய்வுக்கூடத்தில் மைக் லெஸ்க் எழுதினார். 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு அது வெளியே வந்தது. 1983இல் ஹனிமன், நோவிட்ஸ், ரெட்மன் மூவரும் அதை மறுபடி எழுதினார்கள். மூவர் பெயரையும் சேர்த்து ஹனிடான்பர் என்று அழைப்பார்கள். 1991இல் இயன் லான்ஸ் டெய்லர் எழுதிய பதிப்பு வந்தது. நாங்கள் ஓட்டுவது டெய்லர் பதிப்பு. கீழே வேறு பெயர் சொல்லாத இடமெல்லாம் அதைப் பற்றியதுதான். பழையது என்று சிரிப்பவர்கள் உண்டு. அமேசன் காட்டுக் கிராமங்களுக்குக் குறுஅலை வானொலி வழியே செய்தி கொண்டுபோகும் ஹெர்மஸ் திட்டம் இதன் மேல்தான் ஓடுகிறது. மழைக்கு அறுந்தும் காற்றுக்கு அறுந்தும் திரும்பத் திரும்ப ஒட்டும் ஒரு தொலைபேசிக் கம்பிக்கு இதைவிடப் பொறுமையான மென்பொருளை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஏற்பாடு சிறியது. தோட்டக் காரியாலயத்துக் கணினி கண்டிக் கணினியை அழைக்கும், கண்டி கொழும்பை அழைக்கும்.

கிரேட் என்றால் என்ன, என்ன இல்லை

வரிசையில் நிற்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எழுத்து உண்டு. அதுதான் கிரேட். பூச்சியம் முதல் ஒன்பது வரை முதலில் போகும், பிறகு பெரிய ஏ முதல் பெரிய இசட் வரை, கடைசியாகச் சின்ன ஏ முதல் சின்ன இசட் வரை. ஆக உயர்ந்தது பூச்சியம், ஆகத் தாழ்ந்தது சின்ன இசட்.

கிரேட் என்ற சொல்லை மலையகத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சொல்லும் கிரேட் இலைத் துண்டின் பருமனைத்தான் சொல்கிறது, குடிப்பவருக்கு எது பிடிக்கும் என்பதை அல்ல. அதே போல யூயூசிபியின் கிரேட்டும் ஒன்றையே சொல்கிறது: ஒரே கணினியில், ஒரே அயல் கணினிக்காகக் காத்திருக்கும் வேலைகளில் எது முதலில் எடுக்கப்படும். கம்பியின் வேகத்தை அது கூட்டாது. ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை நிறுத்தாது. அடுத்த கணினிக்குக் கூடவே போகாது. நிரல்களின் முன்னுரிமையை மாற்றும் யூனிக்ஸின் நைஸ் கட்டளைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

அமைப்புக் கோப்பைத் திறப்பதற்கு முன் வரிசையைத் திறந்து பாருங்கள். காத்திருக்கும் வேலைகளை வைக்கும் ஸ்பூல் கோப்புறைக்குள் ஒவ்வொரு அயல் கணினியின் பெயரிலும் ஒரு கோப்புறை இருக்கும், அதற்குள் பெரிய சி புள்ளி என்ற கோப்புறை. அதிலுள்ள ஒவ்வொரு கோப்பும் ஒரு கட்டளைத் தாள். பெயர் இப்படி அமையும்: பெரிய சி, ஒரு புள்ளி, கிரேட் எழுத்து, பிறகு வரிசை இலக்கமாக நான்கு எழுத்து. புள்ளிக்கு அடுத்த எழுத்துத்தான் உங்கள் வேலையின் உண்மையான கிரேட். நீங்கள் போட்டதாக நினைத்திருப்பது வேறாக இருக்கலாம். ஹனிடான்பர் அமைப்பில் புள்ளிக்கும் கிரேட் எழுத்துக்கும் இடையில் கணினிப் பெயரும் வரும். ஆகவே பின்னாலிருந்து ஐந்தாவது எழுத்தைப் பார்ப்பது எங்கும் பிசகாது.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை வரிசைப்படுத்திக் காட்டும் ஒழுங்கும் யூயூசிபி எடுக்கும் ஒழுங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இலக்கம், பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்பது ஆஸ்கி ஒழுங்குதான். ஆனால் கணினியின் மொழி அமைப்பு ஆங்கிலமாக இருந்தால் எல்எஸ் சின்ன ஏ, பெரிய ஏ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். அதைப் பார்த்து “செக்ரோல் முன்னால்தான் நிற்கிறது” என்று நானே ஒருமுறை தொலைபேசியில் அடித்துச் சொல்லியிருக்கிறேன். எல்சி அடிக்கோடு ஆல் என்ற மாறிக்குப் பெரிய சி என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டு எல்எஸ் அடியுங்கள். அப்போது மேலே நிற்பதுதான் முதலில் போகும்.

அன்று மாலை நான் பார்த்த பட்டியலில் மேலிருந்து பன்னிரண்டு வரிகளும் புள்ளிக்கு அடுத்து பெரிய என் கொண்டவை. பதின்மூன்றாவது வரியில் தனியாகச் சின்ன ஏ. அந்தக் கட்டளைத் தாளைத் திறந்தால் ஒரே வரி: அனுப்பு என்பதற்குப் பெரிய எஸ், எந்தக் கோப்பு, அங்கே எந்தப் பெயரில், யார் போட்டது. பெரிய கிளாக்கரின் பயனர் பெயரைப் பார்த்ததும் விஷயம் முடிந்துவிட்டது.

அறிகுறி: அவசரம் என்று போட்டது பின்னால் நிற்கிறது

பத்தில் ஒன்பது முறை எழுத்துக் குழப்பம். மூன்று விதமாக வரும். சின்ன ஏ முதல் எழுத்து என்று நினைத்துப் போடுவது முதலாவது. இரண்டாவது, இலக்கம் பெரிதானால் முக்கியம் பெரிது என்று ஒன்பதைப் போடுவது. அது பெரிய ஏக்கு முன்னால் போகும் என்றாலும் பூச்சியத்துக்குப் பின்னால்தான் போகும். மூன்றாவது, யாரோ ஒருவர் அன்றாட வேலைக்கெல்லாம் பூச்சியம் போட்டுப் பழக்கிவிடுவது. எல்லாரும் அவசரம் என்றால் ஒருவருக்கும் அவசரமில்லை. ஒரே கிரேட்டில் நிற்பவை தமக்குள் வரிசை இலக்கப்படிதான் நகரும்.

நாங்கள் நான்கே எழுத்து என்று முடிவு செய்து காரியாலயச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். செக்ரோலுக்கும் சேமலாப நிதிப் பட்டியலுக்கும் பெரிய ஏ. மின்னஞ்சலுக்குப் பெரிய சி. ஏலத்துக்குப் போகும் தேயிலையின் விபரத்துக்குப் பெரிய என். படம், காப்புப் பிரதி முதலியவற்றுக்குச் சின்ன டி. இலக்கங்களை யாரும் தொடக்கூடாது. அவை என் சொந்தப் பரிசோதனைக்கு. மின்னஞ்சலுக்குப் பெரிய சி என்பதும் செய்திக்குழு மூட்டைகளுக்குச் சின்ன டி என்பதும் பழைய யூனிக்ஸ் வழக்கம். பிறர் எழுதிய ஸ்கிரிப்ட்டுகளிலும் அவற்றையே காண்பீர்கள் என்பதால் மாற்றவில்லை.

ஏற்கெனவே வரிசையில் நிற்கும் வேலையின் கிரேட்டை மாற்ற ஒரு கட்டளை கிடையாது. யூயூஸ்டாட் ஹைஃபன் சின்ன ஏ என்று அடித்து வேலையின் அடையாளத்தைப் பாருங்கள், யூயூஸ்டாட் ஹைஃபன் சின்ன கே என்று அதை நீக்குங்கள், சரியான எழுத்தோடு மறுபடி போடுங்கள். நீக்குவதற்கு முன் மூலக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பூலுக்குள் எடுத்த பிரதி வேலையோடு சேர்ந்து அழிந்துவிடும். சி புள்ளிக் கோப்பின் பெயரைக் கையால் மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் ஓர் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

அறிகுறி: எல்லாமே ஒரே எழுத்தில் நிற்கின்றன

யாரும் கிரேட் கொடுக்கவில்லை, மென்பொருள் தன் வழக்கமான எழுத்தைப் போட்டிருக்கிறது. அந்த வழக்கம் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். கோப்பு அனுப்பும் கட்டளை யூயூசிபி. எதிர்க் கணினியில் ஒரு கட்டளையை ஓட்டக் கேட்பது யூயூஎக்ஸ், மின்னஞ்சல் அதன் வழியேதான் போகும். பழைய பெர்க்லி யூனிக்ஸில் யூயூஎக்ஸ் பெரிய ஏ போடும், யூயூசிபி சின்ன என் போடும். அதாவது அங்கே மின்னஞ்சல் கோப்புகளுக்கு முன்னால் போவது தானாகவே நடந்தது. பழைய கணினியைத் தூக்கிவிட்டுப் புதியதில் வேறு பதிப்பு போட்டவர்கள் “முன்பு நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது” என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஹைஃபன் சின்ன ஜி, அதை ஒட்டி எழுத்து: இதை ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். வழக்கத்தை நம்ப வேண்டாம்.

மின்னஞ்சல் மட்டும் தவறான எழுத்தில் நிற்கிறது என்றால் அஞ்சல் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பைத் திறவுங்கள். அதில் யூயூசிபி என்று தொடங்கும் வரியின் கீழே யூயூஎக்ஸை அழைக்கும் கட்டளை இருக்கும். கூடவே ஹைஃபன் ஆர், ஹைஃபன் என், ஹைஃபன் இசட் எல்லாம் இருக்கும். கிரேட் மட்டும் இராது. ஹைஃபன் ஆருக்குப் பக்கத்தில் ஹைஃபன் ஜி பெரிய சி என்று சேர்த்துவிட்டுப் போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்யுங்கள். ஏற்கெனவே ஸ்பூலுக்குள் போய்விட்ட கடிதங்களுக்கு இது பொருந்தாது. அவை பழைய எழுத்திலேயே போய்த் தீரும்.

சிஸ்டம் ஐந்து நான்காம் வெளியீட்டு யூனிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கிரேட்ஸ் என்று தனிக் கோப்பு உண்டு. யார் எந்தக் கிரேட்டைப் பாவிக்கலாம், எவ்வளவு பெரிய வேலைக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். யூயூஜிலிஸ்ட் என்று அடித்தால் இருக்கும் கிரேட் பெயர்கள் தெரியும், ஹைஃபன் யு சேர்த்தால் உங்களுக்கு அனுமதித்தவை மட்டும் தெரியும். டெய்லர் பதிப்பில் இந்தக் கோப்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அறிகுறி: பகலில் ஒன்றுமே போகவில்லை, அல்லது பகலில் போகக்கூடாதது போகிறது

இதுதான் என்னை அதிகம் அலைய வைத்தது. அயல் கணினிகளின் விபரம் எழுதும் சிஸ் என்ற அமைப்புக் கோப்பில் இரண்டு விதமான வரி எழுதலாம். டைம் என்று எழுதி நேரத்தைக் கொடுத்தால் அந்த நேரத்தில் எந்தக் கிரேட்டும் போகலாம். டைம்கிரேட் என்று எழுதி ஓர் எழுத்தையும் நேரத்தையும் கொடுத்தால் அந்த நேரத்தில் அந்த எழுத்தும் அதைவிட உயர்ந்தவையும் மட்டுமே போகலாம். டைம் என்பது சின்ன இசட் போட்ட டைம்கிரேட்டுக்குச் சமம். இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

பகலில் போகக்கூடாதது போகிறது என்றால், நீங்கள் டைம்கிரேட் வரியைச் சேர்த்தபோது பழைய “டைம் எனி” வரியை எடுக்காமல் விட்டிருப்பீர்கள். எந்த நேரமும் எந்தக் கிரேட்டும் போகலாம் என்று ஒரு வரி அனுமதித்த பின், பகலில் பெரிய சி மட்டும் என்று இன்னொரு வரி சொல்வதற்கு அர்த்தமில்லை. இரண்டுமே அனுமதிகள், எதுவும் தடையில்லை. “டைம் எனி”யை எடுத்துவிட்டு, கிழமை நாட்களில் 0700-1800க்குப் பெரிய சி என்று ஒரு டைம்கிரேட் வரியும், இரவுக்கு ஒரு டைம் வரியும் எழுதுங்கள்.

பகலில் ஒன்றுமே போகவில்லை என்றால், வரிசையில் நிற்பவை எல்லாம் அந்த எல்லைக்குக் கீழே இருக்கின்றன. போக அனுமதியுள்ள வேலை ஒன்றும் இல்லாவிட்டால் கணினி அழைக்கவே அழைக்காது. பதிவேட்டில் “ராங் டைம் டு கால்” என்று இருந்தால் அதற்கு அர்த்தம் இதுதான். பொறுமையிழந்து, அழைப்பை எடுக்கும் நிரலான யூயூசிகோவை ஹைஃபன் பெரிய எஸ் போட்டு அழுத்துவார்கள். பெரிய எஸ் தாண்டுவது தோல்விக்குப் பின் காத்திருக்கும் நேரத்தை மட்டும். நீங்கள் எழுதிய நேர அட்டவணையை அல்ல. எழுதியதை மென்பொருள் எப்படிப் புரிந்துகொண்டது என்று பார்க்க இன்னொரு சிறு கட்டளை உண்டு: யு, யு, சி, எச், கே என்ற ஐந்து எழுத்து. அது ஒவ்வொரு அயல் கணினிக்கும் எந்த நேரத்தில் என்ன அனுமதி என்று விரித்துச் சொல்லும். அமைப்புக் கோப்பை மாற்றினால் இதை அடிக்காமல் எழுந்து போகாதீர்கள்.

இன்னொரு பொறி. டைம்கிரேட் நாங்கள் அழைக்கும்போது நாங்கள் அனுப்புவதை மட்டும் கட்டுப்படுத்துகிறது. பகலில் பெரிய சிக்கு மேல் மட்டும் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தோம். கண்டியை அழைத்ததும் அங்கே காத்திருந்த சின்ன டி மூட்டையெல்லாம் இந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியது. கம்பி ஒன்றுதானே. எதிர்ப்பக்கத்திடம் “எனக்கும் இந்த எழுத்துக்கு மேல் மட்டும் அனுப்பு” என்று கேட்க கால்-டைம்கிரேட் என்ற வரி தேவை. கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. எதிர்ப்பக்கமும் டெய்லராக இருந்தால் மதிக்கும். அவர்கள் நம்மை அழைக்கும் நேரத்துக்குக் கால்டு-டைம்கிரேட் என்று இன்னொன்று உண்டு. ஆங்கிலத்தில் இ, டி என்ற இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். நான் இரண்டையும் மாற்றி எழுதி ஒரு வாரம் சுற்றியிருக்கிறேன்.

அறிகுறி: எழுத்து சரி, நேரம் சரி, ஆனாலும் மணிக்கணக்கில் காத்திருக்கிறது

முன்னால் ஒரு பெரிய கோப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. கிரேட் அதைத் தள்ளிவிடாது. லொறி ஒன்று கொண்டை ஊசி வளைவில் ஏறிக்கொண்டிருக்கும்போது பின்னால் அம்புலன்ஸ் வந்தாலும் லொறி வளைவு முடித்துத்தான் ஒதுங்கும். ரம்பொடைப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும்.

கணக்குப் பாருங்கள். 9600 பிட் வேகத்தில் ஒரு பைட்டுக்குப் பத்து பிட் என்று வைத்தால் வினாடிக்கு 960 பைட். ஐந்து மெகாபைட் காப்புப் பிரதி ஒன்று போய்முடிய ஒன்றரை மணித்தியாலம். அது தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் செக்ரோலைப் போட்டால், பூச்சியம் போட்டாலும் மீதி நேரம் முழுக்க அது நிற்கத்தான் வேண்டும்.

தீர்வு பெரிய கோப்புகளை உடைப்பது. ஸ்பிளிட் கட்டளையில் ஹைஃபன் பி போட்டு 200000 பைட் துண்டுகளாக்கினால் ஒரு துண்டுக்கு மூன்றரை நிமிடம். துண்டுகளைச் சின்ன டியில் போடுங்கள். கூடவே துண்டுகளின் பெயர்ப் பட்டியலையும், கோப்பு பிசகாமல் வந்ததா என்று சரிபார்க்கும் சிகேசம் எண்களையும் ஒரு சிறு கோப்பாக அனுப்புங்கள், அந்தப் பக்கம் ஒட்டுபவர் ஒன்று குறைந்தால் கண்டுபிடிப்பார். ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பின் நடுவே வந்த புதிய வேலையை உடனே பார்த்து எடுக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அவசரமென்றால் நான் இருக்கும் அழைப்பை ஒழுங்காக முடியவிட்டு அடுத்த அழைப்பில் அனுப்புகிறேன். கம்பியைப் பிடுங்குவதில்லை.

உடைக்க முடியாதவர்கள் அளவு எல்லை வைக்கலாம். கால்-லோக்கல்-சைஸ் என்ற வரியில் ஒரு பைட் எண்ணும் ஒரு நேரமும் கொடுத்தால், நாம் அழைத்து நாமே கேட்ட வேலைகளில் அந்த அளவைத் தாண்டியவை அந்த நேரத்தில் போகாது. என் அபிப்பிராயத்தில் கிரேட்டைவிட இதுதான் பகல் நேரக் கம்பியைக் காப்பாற்றுகிறது. எழுத்தை ஆட்கள் தவறாகப் போடுவார்கள், கோப்பின் அளவு பொய் சொல்லாது.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு, மிக எளியது. யூயூசிபி கட்டளையை ஹைஃபன் ஆர் இல்லாமல் அடித்தால் வேலையைப் போட்ட மறுகணமே அழைப்பு தொடங்கிவிடும். முதலில் படங்களைப் போட்டு, பிறகு செக்ரோலைப் போட்டால், இரண்டாவது கட்டளையை அடித்து முடிப்பதற்குள் படம் ஓடத் தொடங்கியிருக்கும். எல்லாவற்றையும் ஹைஃபன் ஆர் போட்டு வரிசையில் வையுங்கள், அழைப்பை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் பார்த்துக்கொள்ளட்டும்.

அறிகுறி: கண்டி வரை முன்னால், அதற்கப்பால் பின்னால்

கிரேட் ஒரு பாய்ச்சலுக்கு, அதாவது ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு, மட்டுமே. கண்டிக்குப் போன கடிதம் அங்கே ஆர்மெயில் என்ற அஞ்சல் வாங்கும் நிரலிடம் ஒப்படைக்கப்படுகிறது. அது கண்டியின் அஞ்சல் மென்பொருளுக்குப் போகிறது. அந்த மென்பொருள் கொழும்புக்குப் புதிதாக ஒரு வேலை போடுகிறது, தன் சொந்த எழுத்தில். நீங்கள் இங்கே போட்ட எழுத்து அதற்குத் தெரியாது. கண்டியிலும் மாஸ்டர் கோப்பைத் திருத்த வேண்டும்.

கோப்புகளுக்கும் இதே கதை. எங்களிடம் கண்டியின் பொதுக் கோப்புறையில் வந்து விழுவதை ஒரு கிரான் ஸ்கிரிப்ட் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறது. அதில் ஒரே எழுத்துத்தான் இருந்தது. இப்போது பொதுக் கோப்புறைக்குள் இரண்டு உட்கோப்புறை வைத்திருக்கிறோம். ஒன்றில் விழுந்தால் பெரிய ஏ, மற்றதில் விழுந்தால் சின்ன டி. கெட்டித்தனம் ஒன்றுமில்லை, எழுத்து கூட வராது என்றால் இடம் கூட வரட்டும் என்று செய்ததுதான்.

அறிகுறி: போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை

கிரேட் கோளாறு அல்ல. எதிர்ப்பக்க ஸ்பூலில் பெரிய எக்ஸ் புள்ளி என்று தொடங்கும் கோப்புகள் குவிந்திருக்கும். அவற்றை இயக்கும் யூயூஎக்ஸ்கியூட்டி ஓடவில்லை. யூயூசிகோவை ஹைஃபன் சின்ன கியூ போட்டு ஓட்டினால் முடிவில் அதை எழுப்பாது. கிரானில் தனியாகப் போடுங்கள்.

அறிகுறி: யூயூஸ்டாட் ஹைஃபன் எம் அடித்தால் அழைப்பு தோல்வி என்கிறது

இதுவும் கிரேட் அல்ல. ஒக்டோபர், நவம்பர் பிற்பகல் இடிக்குப் பிறகு வரும் இந்தச் செய்திக்கு நான் முதலில் பார்ப்பது மோடத்தின் விளக்குகளை.

அறிகுறி: எல்லாம் சரியாக நடக்கிறது, ஆனால் நேரம் பிசகி

வெள்ளி இரவு 11 மணிக்குத் தொடங்கிய அனுப்பல் நள்ளிரவோடு நின்றுவிடுகிறது என்றால் நேர வரியைப் பாருங்கள். டபிள்யூகே 2300-0700 என்பது திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளிலும் காலை 7 முதல் இரவு 11 வரை தவிர்ந்த நேரம். வெள்ளி நள்ளிரவு தாண்டினால் சனி, சனி கிழமை நாளில் சேராது. எஸ்ஏ என்று சனியையும் சேர்த்து எழுத வேண்டும்.

நைட், ஈவினிங் என்று ஆயத்தமாக வரும் அட்டவணைப் பெயர்களை நான் பாவிப்பதில்லை. நைட் என்பது கிழமை நாட்களில் 2305-0755, சனி முழுக்க, ஞாயிறு 2305-1655. அமெரிக்கத் தொலைபேசிக் கட்டணச் சலுகைக்காக வெட்டிய சட்டை இது, நமக்குப் பொருந்தாது. டைம்டேபிள் என்ற வரியால் உங்கள் சொந்தப் பெயரில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை, யூயூசிபிக்குத் தெரியாது. காரியாலயம் பூட்டிக் கிடக்கும் புதன்கிழமை போயாவிலும் அது பகல் கட்டுப்பாட்டோடுதான் நிற்கும். முதல் நாள் மாலை கையால் மாற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படியே விட்டுவிடுகிறேன்.

அடுத்ததை நம்பக் கொஞ்சம் கஷ்டப்படுவீர்கள். எல்லாக் கிரேட்டும் போக மாலை 6 மணிக்குத் திறக்க வேண்டிய வாசல் சரியாக 5:30க்குத் திறந்தது. ஒரு நாள் அல்ல, எல்லா நாளும். பெரிய மூட்டைகள் காரியாலயம் மூடுவதற்கு முன்பே கம்பியைப் பிடித்துக்கொண்டன. யு, யு, சி, எச், கே அடித்துப் பார்த்தேன், 1800 என்றுதான் காட்டியது. பிறகு டேட் அடித்தேன். சுவர்க் கடிகாரம் 4:10, கணினி 4:40.

இலங்கையின் நேரம் 1996 மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளப்பட்டது, அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திரும்பி வந்தது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் மறுபடி பழைய ஐந்தரை மணித்தியாலத்துக்கு வந்தோம். அந்தக் கணினியிலிருந்த நேரவலயக் கோப்பு 2006க்கு முந்தியது. அதற்குக் கொழும்பு இன்னும் கிரினிச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன்னால்தான். யூயூசிபி உள்ளூர் நேரத்தைத்தான் பார்க்கும் என்பதால் வாசல் அரை மணி முந்தித் திறந்தது.

கண்டுபிடிப்பது சுலபம். டேட் ஹைஃபன் யு அடித்து வரும் கிரினிச் நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள், சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவந்து, வெறும் டேட் மட்டும் பிசகினால் நேரவலயக் கோப்பு பழையது. டேட் சுவரோடு ஒத்துவந்து, ஹைஃபன் யு பிசகினால் யாரோ அரை மணிப் பிசகைக் கையால் “திருத்தி” வைத்திருக்கிறார்கள். அப்போது வாசல் சரியாகத் திறக்கும், ஆனால் வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் கூட்டல் 0600 என்று இருக்கும்.

புதிய நேரவலயக் கோப்பைப் போட்டதோடு எழுந்துவிடாதீர்கள். கிரான் தொடங்கும்போது படித்த நேரவலயத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். அதையும் ஒருமுறை நிறுத்தித் தொடங்காவிட்டால், யூயூசிபி 6 மணிக்கு வாசலைத் திறக்கும், அழைக்க வேண்டிய கிரான் 5:30க்கே வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கும்.